கரிசலில் நின்ற வீடு

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, நாலு படி ஏறிப் போன வீடுகளெல்லாம் இப்போது இரண்டு படி இறங்கிப் போகும் வீடுகளாகிவிட்டன. அரை மணி நேரம் மழை பெய்தால் கூடத்தில் செருப்பு மிதக்கிறது. அதனால் சுவரை அடியில் அறுத்து, வரிசையாக ஜாக்கி வைத்து, எல்லாவற்றையும் ஒரே அளவில் திருகித் திருகி மூன்றடி உயர்த்தினார்கள். தெருவில் உள்ள ஓய்வூதியக்காரர்கள் அத்தனை பேரும் எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தோம். எங்களுக்கு வேறென்ன வேலை?

பக்கத்தில் இருந்தவர் கேட்டார், "உங்க திருமங்கலம் வீட்டையும் இப்படித்தானே சார் பண்ணினீங்க?"

இல்லை. அதைத் தூக்கவில்லை. இருந்த உயரத்திலேயே நிற்க வைத்து, அதற்குக் கீழே கால் கட்டினோம். அது 2010-ஆம் வருடம். அவருக்குச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் அவர் பேரன் கூப்பிட வந்துவிட்டான். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

அந்த வீட்டை அப்பா 1966-இல் கட்டினார். அந்த இடம் அதற்கு முன்பு பருத்திக்காடு. கரிசல். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக்காரர்களுக்குக் கரிசலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அது உயிருள்ள மண். மழையில் ஊறினால் பொங்கும், வெயிலில் காய்ந்தால் சுருங்கும். சித்திரையில் காட்டுக்குள் நடந்தால் கைத்தடி முழுக்க இறங்குகிற அளவுக்கு வெடிப்பு விட்டிருக்கும். ஐப்பசியில் அதே இடத்தில் வெடிப்பு இருந்த சுவடே தெரியாது, செருப்பில் மட்டும் இரண்டு கிலோ மண் ஒட்டும். பருத்திக்கு அருமையான மண். வீட்டுக்கு அவ்வளவு நல்லதில்லை.

அப்பா மூன்றரை அடி வானம் தோண்டி, கருங்கல் போட்டுக் கட்டினார். அந்தக் காலத்தில் எல்லாரும் செய்தது அதுதான். மேலே செங்கல் சுவர், தேக்கு உத்திரம், காரை பூசிய மட்டப்பா. முப்பது வருடத்துக்கு மேல் அந்த வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. நெல்லிக்காய் நரம்பு மாதிரி அங்கங்கே கோடு விழும், பொங்கலுக்கு வெள்ளை அடித்தால் மறைந்துவிடும்.

அப்பா 1991-இல் போய்விட்டார். அம்மா அங்கேயே தனியாக இருந்தார். பழைய வீடுகளில் குளியலறையும் கழிப்பறையும் கொல்லைக் கடைசியில்தானே இருக்கும்? மழையிலும் இருட்டிலும் அம்மா அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்று 1998-இல் வீட்டின் தென்மேற்கு மூலையை ஒட்டி ஒரு குளியலறையும் கழிப்பறையும் கட்டிக் கொடுத்தேன். வெஸ்டர்ன் டாய்லெட், சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி, கீசர் எல்லாம் உண்டு. அம்மா தெருவில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். கழிவுநீர்க் குழியைச் சுவரிலிருந்து நாலடி தள்ளித் தோண்டச் சொன்னேன். குழாய் நீளம் குறையும், செலவும் குறையும் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு என்னுடையதுதான். கொத்தனார் மேல் பழி போட முடியாது.

2009 கோடையில் போயிருந்தபோது தென்மேற்கு அறையில் ஜன்னல் மூலையிலிருந்து மேல்நோக்கிச் சாய்வாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. முன்பும் பார்த்திருக்கிறேன், ஆனால் இந்தத் தடவை ஒரு ரூபாய்க் காசு அதற்குள் நின்றது. கதவு சட்டத்தில் உரசியது. சென்னையில் இருக்கிற தம்பிக்குப் போன் செய்தேன். "இடிச்சிரலாம்ணே. புரமோட்டர்கிட்டக் கொடுத்தா நமக்கு ஆளுக்கு ஒரு ஃபிளாட் வரும். அம்மா இங்க வந்து இருக்கட்டும்" என்றான். அவன் சொன்னது ஒன்றும் அநியாயம் இல்லை. அம்மாவுக்கு அப்போது எண்பது வயது. அம்மாவிடம் கேட்டேன். "நான் போனதுக்கப்புறம் இடிச்சுக்கங்க. அதுவரைக்கும் அது நிக்கும்" என்றார்.

நிற்குமா என்பதுதான் கேள்வி.

பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் எனக்குத் தெரியும். காலை நடைப் பழக்கம். எங்கள் வட்டாரத்தில் எல்லாருக்கும் அவர் ஓவர்சியர்தான், அதனால் இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன். அவரைத் திருமங்கலத்துக்குக் கூட்டிப் போனேன். வந்தவர் விரிசலைப் பார்க்கவில்லை. வீட்டைச் சுற்றி நடந்தார், ஓட்டுக்கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, குழாயடி எங்கே, வேப்பமரம் எவ்வளவு தூரம் என்று பார்த்தார். குளியலறைக்குப் பின்னால் வந்ததும் நின்றார். நல்ல சித்திரை வெயில். மற்ற இடமெல்லாம் வெடித்துக் கிடக்க, அந்த மூலையில் மட்டும் மண் கறுகறுவென்று ஈரமாக, மேலே அருகம்புல் பச்சையாக இருந்தது.

"இது என்னைக்குக் கட்டினது சார்?" என்றார். சொன்னேன். ஒன்றும் பேசாமல் உள்ளே போனார்.

அடுப்படியில் அம்மா அவருக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தார். அடுப்படிச் சுவரில் அம்மாவின் பால் கணக்கு இருக்கும். பென்சிலால் கோடு கோடாக, ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு. அந்த அறையின் விரிசல் சுவரைத் தாண்டி அடுப்படிப் பக்கமும் வந்திருந்தது. ஓவர்சியர் குனிந்து அதைப் பார்த்தவர், கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். விரிசலின் நுனியில் குறுக்காக ஒரு சின்னப் பென்சில் கோடு. பக்கத்தில் பொடி எழுத்தில் "99 சித்திரை". அதற்கு மேலே இரண்டு விரற்கடை தள்ளி இன்னொரு கோடு, "2000 பங்குனி". இப்படியே மேலே போய்க்கொண்டிருந்தது. இடையில் சில இடங்களில் "ஐப்பசி, மூடிருச்சு" என்று எழுதியிருந்தது.

"இதை யாரும்மா எழுதினது?"

"நான்தான் தம்பி. சும்மா, எவ்வளவு தூரம் போகுதுன்னு பாக்கலாம்னு."

பத்து வருடக் கணக்கு. ஓவர்சியர் என்னைப் பார்த்தார். "சார், நாங்க இந்த மாதிரி விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடிச் சில்லு ஒட்டி, தேதி போட்டு, ஒரு வருஷமாவது பார்த்துட்டுத்தான் முடிவு சொல்லுவோம். அம்மா எல்லாத்தையும் பார்த்து வச்சிருக்காங்க" என்றார். குளியலறை கட்டியதற்கு அடுத்த கோடையில் முதல் கோடு. கோடையில் வாய் திறக்கிறது, மழையில் மூடுகிறது, ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் நீளுகிறது. அதற்கு மேல் அவருக்கு என்ன சாட்சி வேண்டும்?

அவர் விளக்கியதை என் புத்திக்கு எட்டியவரை சொல்கிறேன். கரிசலில் வீடு மொத்தமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் அவ்வளவாகச் சேதம் இல்லை. படகு மாதிரி அது போய்க்கொண்டிருக்கும். அப்பா கட்டிய வீடு முப்பது வருடம் அப்படித்தான் இருந்தது. நான் குழி தோண்டிய பிறகு அந்த ஒரு மூலை மட்டும் வருடம் முழுக்க ஊறிப் பொங்கியே நின்றது. கோடையில் மற்ற மூன்று மூலையும் காய்ந்து இறங்க, இது இறங்க மறுத்தது. நடுவில் சுவர் கிழிந்தது.

"அப்ப குழியை மூடிட்டாச் சரியாப் போயிருமே?" என்றேன். எனக்கு அதில் ஒரு நிம்மதிகூட வந்தது.

"அங்கதான் சார் சிக்கல். பத்துப் பதினோரு வருஷமா ஊறின மண்ணு. தண்ணியை நிறுத்தினா அது காய ஆரம்பிக்கும். காஞ்சா அந்த மூலை இப்ப இருக்கிறதை விடக் கீழ இறங்கும். விரிசல் வேற பக்கமா வரும். தண்ணியையும் நிறுத்தணும், அது இறங்குறதுக்குள்ள அந்த மூலைக்குக் காலும் கட்டணும்."

அன்று அவர் போன பிறகு அம்மாவிடம் கேட்டேன். "பாத்ரூம் கட்டினதுலருந்துதான் வருதுன்னு உனக்குத் தெரிஞ்சுதா?" அம்மா பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே சொன்னார், "நீ ஆசையாக் கட்டிக் கொடுத்தது. அதைப் போய் எப்பிடிச் சொல்ல?"

நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

இப்போது கட்டுகிற வீடென்றால் கரிசலுக்கு வேறு வழி இருக்கிறது. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் நம் நாட்டுக் கரிசல் மண்ணுக்கென்றே ஒரு வகைத் தூண் அஸ்திவாரத்தைக் கொண்டுவந்தது. மண்ணைத் துளைத்து, அடியில் குடம் மாதிரி அகலமாக்கி, கம்பி வைத்துக் கான்கிரீட் போடுவார்கள். குடத்தின் அகலம் தூணைப் போல இரண்டரை மடங்கு. மண் ஏறி இறங்காத ஆழத்தில் குடம் உட்கார்ந்திருப்பதால், மேல்மண் என்ன ஆட்டம் போட்டாலும் வீட்டை மேலே தூக்க முடியாது. ஆனால் ஏற்கெனவே ஆள் குடியிருக்கிற வீட்டுக்கு, சுவரும் கூரையும் தலைமேல் இருக்கும்போது, அடியில் போய் எப்படி வேலை செய்வது?

இந்த இடத்தில்தான் ஓவர்சியர் பெரியாறு அணையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவர் இளவயதில் சில காலம் தேக்கடியில் இருந்திருக்கிறார். அந்த அணையின் பெயரைச் சொன்னாலே அவர் முகம் மாறிவிடும்.

மதுரைக்காரர்களுக்கு அது வெறும் அணை இல்லை. மேலூர் வரைக்கும் வயல் காய்வதும் விளைவதும் அங்கே எத்தனை அடி நிற்கிறது என்பதைப் பொறுத்தது. பென்னிகுக் கட்டி, 1895 அக்டோபரில் திறந்தது. உள்ளே கல்லும், சுண்ணாம்பும், சுர்க்கியும். என் அப்பா கட்டிய வீட்டுக்கும் அதற்கும் கலவையில் அதிக வித்தியாசம் இல்லை. முழுக் கொள்ளளவு 152 அடி. 1979-இல் அணைக்கு ஆபத்து என்று பெரிய பேச்சு கிளம்பியது. அந்த ஆகஸ்டில்தான் குஜராத்தில் மச்சு அணை உடைந்து மோர்வி ஊரே அடித்துக்கொண்டு போயிருந்தது, அதனால் எல்லார் மனசிலும் பயம். மத்திய நீர் ஆணையத்திலிருந்து வந்து பார்த்தார்கள். பலப்படுத்தும் வரைக்கும் 136 அடிக்கு மேல் தேக்க வேண்டாம் என்று ஆயிற்று. பதினாறு அடித் தண்ணீர் போனது. நம் பக்கத்து விவசாயிகள் அந்தப் பதினாறு அடியை அதற்குப் பிறகு எத்தனை வருடம் பேசினார்கள் என்பது உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும்.

பலப்படுத்துவது என்றால் என்ன? அணையைக் காலி செய்துவிட்டு வேலை பார்க்க முடியாது. தண்ணீர் நிற்கிறது, கீழே பாசனம் நடக்கிறது, அதோடுதான் செய்ய வேண்டும். அந்த அணை தன் கனத்தாலேயே தண்ணீரைத் தடுத்து நிற்பது. அதற்கு இரண்டு எதிரிகள். முன்னாலிருந்து தள்ளுகிற தண்ணீர் ஒன்று. அடியில் கசிந்து நுழைந்து மேலே தூக்கப் பார்க்கிற தண்ணீர் இன்னொன்று. இரண்டாவது கண்ணுக்குத் தெரியாது. அதனால் முதலில் அணையின் தலையில் கனம் ஏற்றினார்கள். உச்சி முழுக்க இருபத்தோரு அடி அகலத்துக்கு, மூன்றடி கனத்துக்குக் கான்கிரீட் மூடி. அதுவே 12,000 டன். அடுத்து, உச்சியிலிருந்து அணையின் உடம்பு வழியாகவே நாலு அங்குலத் துளை போட்டு, அஸ்திவாரத்தையும் தாண்டி அடிப்பாறைக்குள் முப்பது அடி இறக்கினார்கள். ஒவ்வொரு துளையிலும் ஏழு மில்லிமீட்டர் எஃகுக் கம்பி முப்பத்து நான்கைச் சேர்த்துக் கட்டிய வடம். அடியில் பாறையில் பிடிக்க வைத்து, மேலிருந்து 120 டன் இழுவிசையில் இழுத்துப் பூட்டினார்கள். இப்படி 95 வடங்கள். மூன்றாவதாக அணையின் பின்பக்கம் கான்கிரீட்டால் ஒரு முட்டு. அதற்கும் பழைய அணைக்கும் நடுவில் கசிவுநீரை வாங்கி வெளியேற்ற ஒரு நடைவழி.

"ஒரு துளை போட்டு, வடம் இறக்கி, சிமெண்ட் பால் விட்டு, அது இறுகின பிறகுதான் இழுக்கணும். அவசரப்பட்டா எல்லாம் போச்சு. பொறுமை வேணும் சார்" என்றார். அந்தப் பக்கம் பேசும்போதெல்லாம் அவர் கை தானாகவே மேலிருந்து கீழே துளை போடுகிற மாதிரி இறங்கும்.

அவர் எங்கள் வீட்டுக்குச் சொன்ன வழியும் அதே பொறுமைதான், அளவு மட்டும் சிறிது. தென்புறச் சுவரில் பதினாறு அடி, மேற்குப்புறச் சுவரில் இருபத்து நாலு அடி, ஆக நாற்பது அடிச் சுவரை நாலடி நாலடியாகப் பத்துத் துண்டாகப் பிரித்தார். சுண்ணாம்பால் சுவரிலேயே எண் போட்டார். வரிசையாகப் போடவில்லை. 1, 3, 2, மறுபடி 1, 3, 2 என்று போனது. எல்லா ஒன்றாம் எண்ணையும் முதலில் தோண்ட வேண்டும். அவை பழைய அஸ்திவாரத்துக்கு அடியில் ஒன்பது அடி ஆழத்துச் சுக்கான் தட்டும் வரைக்கும் போகும். அந்த இடத்தில் மட்டும் சுவர் அந்தரத்தில் நிற்கும், இரண்டு பக்கத்து மண்ணும் அதைத் தாங்கிக்கொள்ளும். அடியிலிருந்து கான்கிரீட் போட்டு, பழைய கருங்கல்லுக்கு மூன்று அங்குலம் கீழே நிறுத்தி, காயவிட வேண்டும். பிறகு அந்த மூன்று அங்குல இடைவெளியை அடைக்க வேண்டும். ஒன்றாம் எண்கள் எல்லாம் முடிந்து இறுகிய பிறகுதான் இரண்டாம் எண்ணில் மண்வெட்டி படலாம். பக்கத்துப் பக்கத்துக் குழியை ஒரே சமயத்தில் தோண்டினால் சுவர் தோண்டுகிறவர் தலையில் உட்காரும்.

"மூலையை மட்டும் கெட்டியாக்கி மத்ததை விட்டா, மத்தது ஆடும்போது புது விரிசல் வராதா?" என்று நான் கேட்டேன். ஒரு நல்ல கேள்வியாவது கேட்டோமே என்று இருந்தது. அவர் சிரித்தார். அதற்குத்தான் வீட்டைச் சுற்றி ஆறடி அகலத்துக்குச் சரிவாக ஒரு தளம், கூரைத் தண்ணீருக்கு வாய்க்கால், கழிவுக்குழி கொல்லைக் கடைசிக்கு. சுவரோரம் மண் ரொம்ப ஊறவும் கூடாது, ரொம்பக் காயவும் கூடாது. நாலு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் போதும்.

அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பிய பிறகு வைகாசி பிறந்ததும் வேலையை ஆரம்பித்தோம். மழைக்காலத்தில் கரிசலில் ஒன்பது அடிக் குழியை நினைத்துப் பார்க்க முடியாது. உத்திரங்களுக்கு அடியில் சவுக்குக் கட்டையால் முட்டுக் கொடுத்தோம். கொத்தனார் ஒருவர், நிமிந்தாள் மூன்று பேர், சித்தாள் இரண்டு பேர். அம்மா வடக்கு அறைக்கு மாறினார். மதுரைக்கு வந்துவிடச் சொன்னேன், வரவில்லை. தினமும் பத்து மணிக்கு எல்லாருக்கும் மோர், நாலு மணிக்கு டீ. குழிக்குள் இருப்பவருக்குக் கயிறு கட்டித் தூக்குவாளியில் இறக்கினார்.

நான் தினமும் காலை பஸ்ஸில் போய்விடுவேன். எனக்கு அந்த முதல் சுற்று மறக்காது. நாலு குழி திறந்திருந்தது. ஒன்றில் இறங்கி அண்ணாந்து பார்த்தேன். அப்பா போட்ட கருங்கல், அடியிலிருந்து. கல்லுக்கு நடுவில் சுண்ணாம்பு இன்னும் வெள்ளையாக இருந்தது. அந்தக் கல்லை வண்டியில் கொண்டுவந்து இறக்கியபோது எனக்குப் பதினாறு வயது, நானும் தூக்கியிருக்கிறேன். அதற்குப் பிறகு யாரும் பார்க்காத பக்கம் அது.

முதல் சுற்றில் கான்கிரீட் போட்டு முடித்த வாரம், மே 26-ஆம் தேதி ராத்திரி காளகஸ்தி ராஜகோபுரம் விழுந்தது. கிருஷ்ணதேவராயர் 1516-இல் கட்டியது. பல வருடமாகவே அதில் விரிசல் இருந்திருக்கிறது. அது பெரிதாகிக்கொண்டு வரவே ஆட்களை அப்புறப்படுத்திவிட்டார்கள், அதனால் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அத்தனை பெரிய கோபுரம் புழுதியாக உட்கார்ந்ததை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அம்மா தனியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார், வெளியே சுவருக்கடியில் குழிகளோடு. பதினொரு மணிக்கு எனக்குப் போன் வந்தது. "ஏப்பா, ராயர் கட்டின கோபுரமே நிக்கலையாம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அதுவரைக்கும் அம்மா பயந்து நான் பார்த்ததில்லை. விடிவதற்குள் டாக்சி பிடித்துப் போனேன். அம்மா வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார், ராத்திரி முழுக்க அங்கேதான் இருந்திருக்கிறார்.

பெரியாறு அணை வழக்கில் கேரளத்துப் பக்கம் பேசுகிறவர்களை நாங்கள் நடைப் பயிற்சியில் நிறையக் கேலி செய்திருக்கிறோம். அணை பலமாகத்தான் இருக்கிறது என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லி 142 அடி வரைக்கும் தேக்கவும் விட்டது. அந்த நவம்பரில் 142-ஐத் தொட்டபோது இனிப்பு வாங்கிக் கொடுத்தவன் நான். ஆனாலும் அன்று விடியற்காலையில் அம்மா முகத்தைப் பார்த்த பிறகு, வண்டிப்பெரியாறில் ராத்திரி தூக்கம் வராமல் இருப்பவர்களைக் கேலி பேச எனக்கு வாய் வரவில்லை. கணக்கு ஒரு பக்கம், அடியில் படுத்திருப்பது ஒரு பக்கம்.

அன்று காலை ஓவர்சியரையும் வரச் சொல்லியிருந்தேன். அவர் அம்மாவிடம் கணக்கு எதுவும் பேசவில்லை. இங்கிலாந்துக் கதை ஒன்று சொன்னார். வின்செஸ்டர் என்ற ஊரில் ஒரு பெரிய தேவாலயம், ஏறக்குறைய தஞ்சாவூர்க் கோயில் வயது. சேற்று நிலத்தில் கட்டியது. நூறு வருடத்துக்கு முன்பு அமுங்கிச் சாய ஆரம்பித்தது. அடியில் குழி தோண்டினால் ஊற்றுத் தண்ணீர் நிறைந்துவிடுகிறது. இறைத்தால் தண்ணீரோடு மண்ணும் வந்து கட்டடம் விழுந்துவிடும். அதனால் வில்லியம் வாக்கர் என்று ஒரு முக்குளிப்பவரை அழைத்து வந்தார்கள். 1906-லிருந்து 1911 வரைக்கும் அவர் தினமும் ஆறு மணி நேரம் அந்தச் சேற்றுத் தண்ணீருக்குள், கும்மிருட்டில், கையால் தடவித் தடவியே கான்கிரீட் மூட்டைகளை அடுக்கினார். குழிக்குழியாக, இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட மூட்டை. அந்தக் கோயில் இன்னும் நிற்கிறது.

"இருட்டுலயேவா?" என்றார் அம்மா.

"ஆமாம்மா. அங்க தண்ணி, நமக்கு அதுகூட இல்லை. காஞ்ச குழி. நம்ம ஆளுக்கு வெளிச்சம் தெரியுது, மோர் வேற வருது."

அம்மா சிரித்துவிட்டார். (அந்த வாக்கருக்குச் சிலை வைக்கும்போது ஆள் மாறிப்போய், பொறியாளரின் முகத்தை வைத்துவிட்டார்களாம். பிறகு சரியான முகத்தோடு வேறு சிலை வைத்தார்கள். இதை நான் அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். குழிக்குள் இறங்குகிறவர்களுக்கு எங்கேயும் அப்படித்தான்.)

அந்த மூன்று அங்குல இடைவெளியை அடைக்கிற வேலையைத்தான் நான் அதிக நேரம் நின்று பார்த்தேன். சாதாரணக் கலவையை வழியவிட்டால் காயும்போது சுருங்கி, கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் முடி அளவு இடம் விட்டுவிடும். அந்த முடி அளவுக்குச் சுவர் இறங்கும். அதனால் சிமெண்டையும் மணலையும் தண்ணீர் தெளித்த மாதிரி பிசைந்து, கொழுக்கட்டை மாவு போலப் பிடித்தால் நிற்கிற பதத்தில் எடுத்து, கட்டையை வைத்துச் சுத்தியலால் அடித்து அடித்து உள்ளே திணிக்க வேண்டும். கட்டையில் அடிக்கிற சத்தம் முதலில் பொத்தென்று கேட்கும். நிறைந்த பிறகு கல்லில் அடிக்கிற மாதிரி கணீரென்று மாறும். கொத்தனார் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைத்தான் கேட்டார். "கேட்டுச்சா சார்? இப்ப வீடு உக்காந்துருச்சு" என்றார். எனக்கும் கேட்டது.

மூன்று சுற்றும் முடிய ஆனி பாதியாகிவிட்டது. இடையில் ஒரு நாள் கோடை மழை வந்து, திறந்திருந்த குழிகளுக்குத் தார்ப்பாய் பிடித்துக்கொண்டு எல்லாரும் நனைந்தோம், அது ஒரு தனிக் கதை. மொத்தச் செலவு ஒரு லட்சத்து அறுபதாயிரத்துச் சொச்சம். தம்பி பாதி அனுப்பினான், கேட்காமலே. பழைய கழிவுக்குழியைக் கரிசலைப் போட்டே நன்றாகக் கெட்டித்து மூடினோம். மணல் போட்டால் அது தண்ணீரைத் தேக்கும் தொட்டியாகிவிடும் என்றார் ஓவர்சியர். குளியலறையை இடிக்கலாமா என்று கேட்டேன். அம்மா சம்மதிக்கவில்லை.

விரிசலை உடனே பூசவில்லை. குறுக்கே மூன்று இடத்தில் கண்ணாடிச் சில்லு ஒட்டித் தேதி போட்டோம். ஒரு ஐப்பசி, ஒரு சித்திரை பார்த்தோம். ஒரு சில்லு உடைந்தது. ஓவர்சியர் வந்து பார்த்து, இது புதுக்கால் கனம் வாங்குகிற முதல் வருட அசைவு, இன்னொரு வருடம் பார்க்கலாம் என்றார். அடுத்த வருடம் மூன்றும் உடையவில்லை. பிறகுதான் பூசினோம். கதவு மட்டும் இன்னும் லேசாக உரசுகிறது. விழுந்த சாய்வை அவர் நிமிர்த்த முயலவில்லை. நின்ற இடத்தில் நின்றால் போதும் என்றுவிட்டார்.

அம்மா 2015-இல் போனார், அந்த வடக்கு அறையிலேயே. வீட்டை இடிக்கவில்லை. இப்போது தூரத்துச் சொந்தம் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. போன வருடம் வெள்ளை அடிக்க வந்தவர் அடுப்படிச் சுவரைக் காட்டி, "இந்தக் கிறுக்கலைச் சுரண்டிட்டு அடிச்சிரவா சார்?" என்றார். அந்த ஒன்றரை அடியை மட்டும் விட்டுவிட்டு அடிக்கச் சொன்னேன்.

"பாக்க நல்லா இருக்காதே சார்."

இருக்கட்டும் என்றேன். குடியிருக்கிற அந்தப் பெண், அதற்குப் பக்கத்திலேயே காலண்டர் மாட்ட ஆணி அடித்திருக்கிறாள். கடைசிக் கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை தள்ளி. நான் ஒன்றும் சொல்லவில்லை.